வலிச்சா சொல்லுங்க

மின் மீட்டர் கணக்கெடுக்கும் அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் ‘மின்னல்’ என்று பெயர். மற்றவர்கள் பொழுது சாயும்வரை அலையும் தெருக்களை அவள் மதியத்துக்குள் முடித்துவிடுவாள். நாற்பத்தேழு வயது. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு நாளைக்கு எட்டு சிகரெட்.

வினை அந்த நடையிலேயே கைவைத்தது. இருநூறு அடி நடந்தால் இடுப்பும் தொடையும் பாறையாக இறுகும். இரண்டு நிமிடம் நின்றால், ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வலி வரும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் நிற்பாள். “உனக்கு இத்தனை சொந்தக்காரங்களா?” என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடித்தார்கள். யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்த முதுகு டாக்டர் நரம்புக் கோளாறு என்றார். ஒரு வருடம் மாத்திரையில் போனது. இருநூறு அடி ஐம்பதாகச் சுருங்கியது.

ஒருநாள் காலையில் கணவர் அவள் காலைப் பார்த்துவிட்டார். சுண்டுவிரல் நீலமாகக் கறுத்திருந்தது.

“என்ன இது?”

“கதவுல இடிச்சுக்கிட்டேங்க.”

தொட்டுப் பார்த்தார். பாதம் ஜில்லென்றிருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ரத்தக்குழாய் டாக்டரும் ஒரு பெண்தான், இவளைவிட இளையவர். இரண்டு தொடையிடுக்கிலும் விரல் வைத்து வெகுநேரம் காத்திருந்தார். “இங்க துடிப்பே இல்லையேம்மா.”

ஸ்கேனில் தெரிந்தது. வயிற்றில் இறங்கும் பெரிய ரத்தக்குழாய், சிறுநீரகத்துக்குக் கீழே நூலாகச் சுருங்கியிருந்தது.

“இதுல இருந்து உதிர்ந்த துணுக்குதான் விரலை அடைச்சிருக்கு. அடுத்தது எங்க போய் அடைக்கும்னு சொல்ல முடியாது.”

“வயித்தைக் கிழிக்கணுமா?” என்றார் கணவர்.

“வேண்டாம். தொடை வழியா உள்ள போய், பலூனால விரிச்சு ஸ்டென்ட் வைப்போம். ஆனா குழாயோட சுவர் சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடக்கு. கிழிஞ்சுதுன்னா நமக்கு அவகாசம் இருக்காது.”

கணவர் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

குளிர்ந்த அறையில் விழித்தபடி படுத்திருந்தாள். டாக்டர் குனிந்து சொன்னார்: “வலிச்சா உடனே சொல்லுங்க. அதுதான் எங்களுக்கு எச்சரிக்கை. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடாதீங்க.”

பலூன் விரியத் தொடங்கியது. முதுகுக்குள் யாரோ முஷ்டியை வைத்துத் திருகுவதுபோல் இருந்தது.

“வலிக்குதாம்மா?”

“இல்லீங்க.” பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இன்னும் கொஞ்சம் ஊதினார்கள். உள்ளே ஏதோ தையல் பிரிவதுபோல் இழுத்தது. “வலிக்குது! ரொம்ப வலிக்குது, நிறுத்துங்க!”

டாக்டரின் கை அப்படியே நின்றது. பலூனைத் தளர்த்தி, மருந்து செலுத்தித் திரையைப் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. தன் உயிரைப் பற்றித்தான் அந்த மௌனம் என்று அவளுக்குப் புரிந்தது.

“கிழியல. இவ்வளவு விரிஞ்சது போதும்,” என்றார் டாக்டர். பிறகு மெதுவாக, “முதல்ல கேட்டப்பவே வலிச்சுதா?”

“வலிச்சுது.”

டாக்டர் திரைப்பக்கம் திரும்பி, விரிந்த இடத்தில் ஸ்டென்டைப் பொருத்தினார்.

சாயங்காலம் பாதங்களில் சூடு ஏறியது. சுண்டுவிரல் மட்டும் பிழைக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்துவிட்டார்கள். சிகரெட்டை அன்றோடு விட்டாள். மெதுவாக நடந்தாலும், வழியில் நிற்காமல் தெருக்களை முடித்தாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், ஸ்டென்டின் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய நிழல் இருந்தது. “மறுபடி சுருங்க ஆரம்பிக்குதோ என்னவோ. இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். மூணு மாசத்துல வாங்க,” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: “அவங்க முகத்தைக் கவனிச்சியா?”

“ம்.”

பஸ் நிறுத்தம்வரை அவள் வேகத்துக்கு அவரும் மெதுவாக நடந்தார்.