காகம் வராத அமாவாசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபத்தாறு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன் நான். எங்கள் பாடப்புத்தகத்தில் கூர்ப்பு என்றொரு அத்தியாயம் உண்டு, உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி மாறி மனிதன் வரைக்கும் வந்த கதை. அதைப் படிப்பிக்கிற நாளில் எனக்கு ஒரு தனி உற்சாகம் வரும், பிள்ளைகள் திருநீறு பூசிக்கொண்டு வந்திருப்பார்கள், நான் அவர்களுடைய பூட்டனுக்கு வால் இருந்ததென்று நிரூபித்து அனுப்புவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

தொண்ணூறுக்குப் பிறகு, சண்டையால் வெளியே போகிற பாதை பூட்டிக் கிடந்த காலம். கரவெட்டியில் நானும் மனைவி பவானியும் அம்மாவும் இருந்தோம். அப்பா செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா கோவிலில் கந்தபுராணம் படிக்கும்போது பாட்டுக்குப் பயன், அதாவது பொருள், சொல்லுகிறவர், எனக்கும் அவருக்கும் கடைசி வரைக்கும் இந்தக் கூர்ப்புச் சண்டைதான். கடைசியாகச் சண்டை பிடித்த அன்று, "உன்ரை ஆக்கள் குரங்கிலையிருந்து வந்திருந்தா வந்திருக்கட்டும், என்ரை ஆக்கள் இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். என்னுடைய ஆட்களும் அவருடைய ஆட்களும் ஒரே ஆட்கள்தானே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அடுத்த மாதமே போய்விட்டார். அந்தச் சண்டை தீராமல் போனது எனக்குப் பெரிய மனவருத்தம், அதை மறைக்கப் போவதில்லை.

ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்க வேண்டும். வழக்கமாகக் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடுவது, அந்த வருடம் ஆமி நின்றதால் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. ஊர்ப் பிள்ளையார் கோவில் கேணியடியிலேயே ஐயர் எல்லோருக்கும் தர்ப்பணம் செய்துவைத்தார். எனக்கு இதெல்லாம் தேவையில்லாத வேலை, ஆனால் அம்மாவுடைய முகத்துக்காகப் போனேன். போகிற வழியில் தேத்தண்ணிக் கடையில் இரண்டு விசுக்கோத்தும் தின்றுவிட்டுத்தான் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐயர் தர்ப்பைப் புல்லை என் விரலில் மாட்டிவிட்டுப் பெயர் கேட்டார். தகப்பன் பெயர் சொன்னேன். பாட்டன் பெயர் சொன்னேன். பூட்டன் பெயர் கேட்டார். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். தெரியாதென்று சொல்லியிருந்தால் அவர் பொதுவாக ஏதாவது சொல்லி முடித்திருப்பார். ஆனால் பின்னால் வரிசையில் என் மாணவர்களுடைய தகப்பன்மார் இரண்டு மூன்று பேர் நின்றார்கள், எனக்கு நாக்கு நமைச்சல் எடுத்தது.

"குரங்கெண்டு போடுங்கோ ஐயா" என்றேன்.

ஐயர் கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குரங்கெண்டா மந்திரத்திலை நிக்காது மாஸ்டர். வானரம் எண்டு சொல்லுவம்" என்றவர், சொன்னபடியே அந்தப் பெயரை நடுவில் வைத்து முறையாக மந்திரம் சொல்லி, என் கையால் எள்ளும் தண்ணீரும் விடுவித்தார். நான் சிரித்துக்கொண்டே விட்டேன்.

முடிந்ததும் மெதுவாகச் சொன்னார். "நீங்கள் எலும்பைக் கிண்டித் தேடுறியள், நாங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுறம். தேடுற ஆள் ஒண்டுதான் மாஸ்டர். கூப்பிட்டா வந்தாலும் வருவினம், பாத்துக் கூப்பிட வேணும். சரி, எழும்புங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

வீட்டுக்கு வந்தால் பவானி பத்துக் கறி வைத்திருந்தாள். ஆடி அமாவாசைக்கு எங்கள் பக்கத்தில் காத்தோட்டிக்காய் என்றொரு காய் கட்டாயம் சமைக்க வேண்டும், கைப்பென்றால் அப்படியொரு கைப்பு, வருடத்தில் ஒருநாள்தான் அதற்கு மரியாதை. முற்றம் முழுவதையும் திரும்பக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பின்முற்றத்தில் பலகை போட்டு வாழையிலையில் அப்பாவுக்குப் படைத்தோம். காகம் வந்து முதல் வாய் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். காகம்தானே, சாதாரண நாளில் அடுப்படிக்குள்ளேயே வந்து கொத்திக்கொண்டு போகிற சாதி.

அன்று ஒரு காகம் இல்லை. காலையில் குண்டு போடுகிற பொம்பர் இரண்டு தரம் தாழப் பதிந்து சுற்றிவிட்டுப் போனது, அந்தச் சத்தத்துக்குக் காகமெல்லாம் எங்கேயோ இடம்பெயர்ந்துவிட்டன. ஒழுங்கை முழுக்க வீட்டுக்கு வீடு ஆட்கள் நின்று கா கா என்று கத்துகிறார்கள், ஒன்றும் வரவில்லை. நானும் பின்முற்றத்து வேலியடியில் நின்று கத்தினேன். மூடநம்பிக்கை பற்றி நான் மணிக்கணக்காக விளக்கம் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், தொண்டையைக் கொஞ்சம் இறுக்குங்கோ. உது கோழி மாதிரிக் கேக்குது" என்றார்.

ஒரு மணிக்கு மேல் மற்ற வீட்டுக்காரர் மாட்டுக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். அம்மாவுக்குச் சலரோகம், முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சீனி வருத்தத்துக்கான குளிசையை மட்டும் விடியப் போட்டுவிட்டார். இரண்டு மணிபோல் அவருக்கு வேர்த்துக் கொட்டத் தொடங்கியது, கை நடுங்கியது, சொல்லுகிற சொல் குழறியது. உடம்பில் சீனி இறங்குகிறது, இது எதில் போய் முடியுமென்று எனக்குத் தெரியும், மயங்கினால் திரும்பக் கண் முழிப்பாரோ தெரியாது. பெற்றோல் இல்லாத காலம், ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில்தான் ஏற்றிப்போக வேண்டும், மயங்கின ஆளைச் சைக்கிளில் எப்படி இருத்துவது?

சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அம்மா, காகம் பொம்பருக்குப் பயந்து ஓடிட்டுது. அப்பா கோவிக்கமாட்டார். குடியுங்கோ."

"கொப்பர் சாப்பிடாமல் நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆரும் விரதத்தை முறிச்சனீங்களோ?"

தேத்தண்ணிக் கடை விசுக்கோத்து இரண்டும் ஞாபகத்துக்கு வந்தன. சீனித் தண்ணீரைத் திரும்பக் கலக்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே வந்தது. கடவுளைக் கும்பிடத் தெரியாதவனுக்கு அந்த நேரத்தில் யாரிடம் கேட்பதென்றும் தெரியாது, பாருங்கள். அப்பா, எங்கேயாவது இருந்தால் வந்து தின்றுவிட்டுப் போங்கோ என்று மனதுக்குள் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்போது பவானி என் தோளைத் தொட்டாள். "இஞ்சாருங்கோ, அங்கை பாருங்கோ" என்றாள்.

பலகைக்கு முன்னால் ஒரு குரங்கு இருந்தது.

சிரிக்க வேண்டாம். எங்கள் வடமராட்சிப் பக்கத்தில் குரங்கு கிடையாது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் படத்தில் தவிர ஒரு குரங்கை நான் கண்டதில்லை. வன்னிக் காட்டிலிருந்து வரலாமே என்பீர்கள், தரையால் வருகிற ஒரே வழி ஆனையிறவு, அது பூட்டு, மனிதரே கிளாலிக் கடலால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்த நாட்கள், குரங்குக்கு யார் பாஸ் கொடுத்தது? யாரோ வளர்த்ததென்று நானும் நினைத்தேன். பிறகு ஊர் முழுக்க விசாரித்தேன், எவரும் வளர்க்கவில்லை. அது வந்ததையும் காணவில்லை, போனதையும் காணவில்லை.

குரங்கு பறித்துக்கொண்டு ஓடவில்லை. பந்தியில் இருக்கிற மனிதர் மாதிரிச் சப்பாணி கட்டி இருந்து இலையைப் பார்த்தது. பிறகு காத்தோட்டிக்காய்க் கறியை மட்டும் இரண்டு விரலால் எடுத்து, அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, சோற்றைத் தூக்கி அதற்குக் கீழே ஒளித்துவைத்தது. அதற்குப் பிறகுதான் சாப்பிடத் தொடங்கியது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு. "இண்டைக்கும் உந்த வேலைதான்" என்றார்.

"என்னம்மா?"

"கொப்பர் ஒரு வருசமும் காத்தோட்டிக்காய் தின்னேல்லை. ஊருக்கு அதின்ரை மகிமை சொல்லிப்போட்டுத் தான் சோத்துக்குக் கீழை ஒளிப்பார். நான் இலை எடுக்கேக்கை காணுறனான், கேட்டதில்லை."

இது எனக்குத் தெரியாது. பவானிக்கும் தெரியாது. அவள் பயந்து போய், "மாமி, அது குரங்கு" என்றாள்.

"எனக்குக் கண் தெரியும் பிள்ளை" என்ற அம்மா, குரங்கைப் பார்த்துக் கை கூப்பினார். "ஆறுதலாச் சாப்பிடுங்கோ. கறியிலை உப்புக் காணுமோ?"

நானோ கேணியடியில் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்பதை நினைத்துப் பவானிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அந்த வானரப் பகிடியைப் பவானியிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லக் கூடாது.

அம்மா சாப்பிட்டார். பவானி இலை போட, நான் குழைத்துக் கொடுக்க, நாலு வாய் போனதும் கை நடுக்கம் குறைந்தது, பேச்சு நேரானது. இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். நான் திரும்பிப் பார்த்தபோது பலகையடியில் குரங்கு இல்லை, இலை துடைத்த மாதிரி இருந்தது, காத்தோட்டிக்காய் மட்டும் மிச்சம். அம்மா கை கழுவிவிட்டு, "கொப்பருக்கு உன்னிலை கோவம் இல்லையடா" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார்.

சரி, விலங்கியல்காரன் சும்மா இருப்பானா? அம்மா நித்திரையானதும் தடம் பார்க்க இறங்கினேன். எங்கள் முற்றம் மணல், கூட்டின பிறகு ஒரு கோழி நடந்தாலும் தெரியும். அது வந்த தடம் எங்கேயும் இல்லை. போன தடம் இருந்தது. பலகையடியில் நாலு கால் தடம், முன்கை இரண்டும் பதிந்து, சரியான குரங்குத் தடம். கிணற்றடிக்கு வந்தால் முன்கை ஊன்றின அடையாளம் இல்லை, பின்கால் இரண்டு மட்டும். அதைத் தாண்டப் பாதம் நீண்டுகொண்டே போகிறது, பெருவிரல் மற்ற விரல்களோடு வந்து சேர்கிறது, குதிக்கால் ஆழப் பதிகிறது. ஒரு தவணை முழுக்க நான் தொண்டை கிழியப் படிப்பிக்கிற பாடத்தை அந்தச் சீவன் கிணற்றுக்கும் வாசல் படலைக்கும் இடையில் முடித்துவிட்டுப் போயிருந்தது.

படலையடியில் கடைசித் தடம் மனிதத் தடம். வெறுங்கால், வெளியே பார்த்தபடி.

உன்னுடைய கால்தான் என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், செருப்பைக் கழற்றி அதற்குள் காலை வைத்துப் பார்த்தேன். விரல் விரலாகப் பொருந்தியது. ஆனால் முற்றம் கூட்டின பிறகு நான் பின்முற்றத்தையும் அடுப்படியையும் விட்டு அசையவில்லை, படலைப் பக்கம் போகவேயில்லை, கா கா என்று கத்திக்கொண்டு நின்றதற்குச் செல்லையா அண்ணை சாட்சி.

அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். விஞ்ஞானம் படித்தவன் அளந்திருக்க வேண்டும், படம் கீறியிருக்க வேண்டும், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான் விளக்குமாறை எடுத்து, பலகையடியிலிருந்து படலை வரைக்கும் எல்லாவற்றையும் கூட்டி அழித்தேன். ஒரு விரல் அடையாளம் மிச்சம் விடாமல் கூட்டினேன்.

படலை திறந்துதான் கிடந்தது. தலையை நீட்டியிருந்தால் ஒழுங்கையில் எந்தப் பக்கம் போனதென்று கண்டிருப்பேன், ஆளைக்கூடக் கண்டிருக்கலாம். நான் நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படலையைச் சாத்திக் கொழுவியையும் போட்டேன். போடும்போது வெளியே, மிகக் கிட்ட, யாரோ தொண்டையைச் செருமினார்கள், பாட்டுக்குப் பயன் சொல்லத் தொடங்குகிற ஆள் செருமுகிற மாதிரி. நான் திறக்கவில்லை.