சுடாத கை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் அவர் டீ மாஸ்டர். எண்பதுகளின் தொடக்கம். ஒல்லியான ஆள், சட்டையின் மேல் பொத்தானைக்கூட அவிழ்க்க மாட்டார். கொதிக்கும் வெந்நீரில் கிடக்கும் கிளாஸை வெறும் விரலால் எடுப்பார். அதைப் பார்க்கவே நண்பர்களைக் கூட்டிப் போவேன்.

“இன்னொருக்க எடுங்க அண்ணாச்சி” என்று கைதட்டுவோம்.

ஒருநாள் தொழுநோய்ப் பரிசோதனைக்கு வந்தவர், மாஸ்டரைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் விரல்களை இறகால் தொட்டார். பிறகு குண்டூசியால் குத்தினார்.

“எங்கன தொட்டேன், சொல்லுங்க.”

“நீங்க இன்னும் தொடலையே சார்” என்றார் மாஸ்டர்.

வந்தவர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துப் போனதும், “சுடலைன்னு முன்னமே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றேன்.

“நீங்கள்லாம் கைதட்டுனிய. வேல கைக்குப் பழகிட்டுன்னு நெனச்சேன்.”

என்னைத் தேற்றுவதுபோல் டீயை நீட்டினார். கிளாஸ் விரலைச் சுட்டது. கீழே வைக்க வெட்கமாக இருந்தது.