என் வீட்டுக்காரரை நாட்டாமையாக்கப் பார்த்த கதை

ஜவ்வாது மலையில் நாங்கள் இருக்கும் பக்கம், பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஊர்க்கூட்டத்தில் தீராத வழக்கு நாட்டாமையிடம் போகும். அதற்கு மேல் முறையிட ஆள் கிடையாது. போலீஸ், கோர்ட்டு என்று மலை இறங்கலாம்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி வழக்கு செத்துவிடும். போன வருஷம் அந்த இடம் காலியானபோது என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்கள்.

சொன்னவர்கள் யார் தெரியுமா? வரப்போரத்துப் புளியமரம் ஒன்றுக்காக வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரியும் இரண்டு வீட்டார். "ரெண்டு பேரும் ஒத்துக்குற ஆளு இவருதாங்க" என்று ஊரே மெச்சியது. நான் மட்டும் மெச்சவில்லை. அவர்களில் மேலண்டை வீட்டுக்காரர் வந்து புலம்பியபோது, "உம்பக்கந்தாம்பா நாயம்" என்று இவர் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டவள் நான். கீழண்டை வீட்டுக்காரருக்கும் அதே பதில்தான். பொய் சொல்லும் மனுஷன் இல்லை. எதிரில் இருப்பவர் முகம் வாடினால் தாங்கமாட்டார். சந்தையில் கேட்ட விலைக்குச் சாமையைக் கொடுத்துவிட்டு வருவார். அந்த மனசு எனக்குப் பிடிக்கும், அது வேறு. ஆனால் இவர் நாட்டாமையானால் முதல் வழக்கே அந்தப் புளியமரம். யாராவது ஒருவர் முகம் வாடித்தான் ஆகவேண்டும். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தது அன்றைக்கு வெளியே வரும். இவருக்கென்று இருப்பது நல்ல பெயர் ஒன்றுதான். அதுவும் போய்விடும்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "சரி, பாக்கலாம்" என்றார். எனக்கும் அதே பதில்!

கோயிலுக்கு எதிரே கூட்டம். இவர் வெளுத்த வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் விசாரித்தார்கள்: குடிப்பாரா, கை நீட்டுவாரா, யாரோடாவது பகை உண்டா? எதுவும் இல்லை. கடைசியாக என் பக்கம் திரும்பினார்கள். வழக்கோடு வருகிறவர்களுக்கு நாட்டாமை வீட்டில்தான் சோறு என்பதால் பெண்சாதியையும் கேட்பது வழக்கம்.

"இன்னாம்மா சொல்ற? உனக்குச் சம்மதமா?"

உண்மையைச் சொன்னால் அங்கேயே இவர் மானம் போகும். சும்மா இருந்தால் பிறகு போகும்.

"முடியாதுங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் களி கிண்டிப் போட ஒடம்புல தெம்பு இல்லிங்க" என்றேன்.

"புருசன் பெரிய ஆளாவுறது பொறுக்கல பாரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சுருக்கென்றது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு, யார் வந்தாலும் மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்கிற பக்கத்து ஊர்ச் சிடுமூஞ்சி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

திரும்பும்போது இவர் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மனசு உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்ல வேள, ம்மே! காப்பாத்துன. மாட்டேன்னு சொல்லிடலாம்னுதான் நானும் போனேன். எல்லார் மூஞ்சியயும் பாத்தனா, வாயே வரல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த 'மாட்டேன்' ஒன்றை மட்டும் இவர் சபையில் வாய்திறந்து சொல்லியிருந்தால், இவர்தான் சரியான ஆள், உட்காரவையுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.