ஜார்ஜ் டவுனில் நல்ல பிட்டர் தேடிப் போன ஐந்து நாள்

பினாங்குக்குப் போகிறேன் என்றால் லக்சா சாப்பிடவா, நாசி கண்டார் சாப்பிடவா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். போன ஜூலையில் நான் போனது ஒரு கிளாஸ் பீருக்காக. அறுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற தாதி, கிள்ளானில் தனி வீடு. பீர் குடிக்க இவ்வளவு தூரம் ரயிலேறினேன் என்று என் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், இனி என்ன.

சாதாரண பீராக இருந்தால் கிள்ளானிலேயே கிடைக்கும். நான் தேடியது பிட்டர். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஒரு ருசியில் காய்ச்சுகிற பழைய வகை. செம்பு நிறம், நல்ல கசப்பு, ஐஸ் குளிர் கிடையாது. அதில் கேஸ் ஏற்ற மாட்டார்கள். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், அதுவே கொஞ்சம் பொங்க வைக்கும். மேசையில் உள்ள கைப்பம்பை இழுத்து ஊற்றித் தருவார்கள். பால் மாதிரிதான், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கெட்டுப்போகும்.

பத்தொன்பது வயதில் தாதிப் படிப்புக்காக யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். மூன்றாவது மாதம் என் வார்டில் முதல் மரணம். நான் காலையில் தலை வாரிவிட்ட கிழவர், மதியம் இல்லை. வேலை முடிந்ததும் வார்டு சிஸ்டர் என்னை எதிர்ப்புற பப்புக்குக் கூட்டிப்போய் அரை பைண்ட் வாங்கி முன்னால் வைத்தார். முதல் வாய் துப்பத் தோன்றியது. அவர் எதுவும் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதிக் கிளாஸில் அழுகை நின்றிருந்தது. பிறகு அதே பப்பின் மாடியில் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தேன். வாடகையில் கொஞ்சம் குறைப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கிப் பீர்க் குழாய் கழுவிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு அந்தக் கசப்பை நான் குடித்ததே இல்லை.

ஜார்ஜ் டவுனில் ஒருவர் கைப்பம்பு வைத்திருக்கிறார் என்று பழைய தோழி ஒருத்தி படம் அனுப்பினாள். படத்துக்குக் கீழே, இந்த மாதக் கடைசியில் பம்பைக் கழற்றப்போகிறார், அந்தப் பீரை வாங்கிக் குடிக்க ஆளில்லை என்று இருந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில், டிக்கெட் 79 வெள்ளி, அதாவது ரிங்கிட். புக்கிட் மெர்தாஜாமில் இறங்கும்போது ஒன்று பத்து. நாலு மணி நேரத்துக்கு ரயிலில் குளிர் அதிகம், சால்வை கொண்டு போங்கள். அங்கே குடியிருக்கும் என் அண்ணன் வேலையாக ஈப்போவில் இருந்தார். சரோஜா அண்ணி காரோடு வந்து நின்றார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

“பீர் குடிக்கவா? கோயிலுக்கு வர்றேன்னு நெனச்சு அர்ச்சனைக்குச் சொல்லி வச்சிருக்கேன் மல்லிகா!”

“அர்ச்சனை காலையில அண்ணி. பீர் சாயந்தரம்தான்.”

“உன்னைத் தனியா அனுப்ப முடியாது லா. நானும் வர்றேன். ஆனா நான் ஜூஸ்தான்.”

பட்டர்வொர்த் முனையத்துக்கு இருபத்தைந்து நிமிடம். காரை அங்கேயே விட்டுவிட்டு ஃபெர்ரி ஏறினோம், ஆளுக்கு இரண்டு வெள்ளி, பதினைந்து நிமிடப் பயணம். பாலம் வழியாகவும் போகலாம்தான். ஆனால் குடிக்கப் போகிறவர்கள் காரை இக்கரையிலேயே விட்டுவிட்டுப் போவது எல்லாருக்கும் நல்லது. படகுத்துறையிலிருந்து கடை பன்னிரண்டு நிமிட நடை. லெபோ பந்தாய்த் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கடைவீடு, முன்னால் எட்டு நாற்காலி, உள்ளே நீளமான மரமேசை. மேசை நடுவில் கறுப்புக் கைப்பிடியோடு பம்பு. உட்காரும் முன்பே அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

கடைக்காரர் தினேஷ், நாற்பது வயதிருக்கும். முன்பு கப்பலில் இன்ஜினியர். இங்கிலாந்துத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் பிட்டர் குடித்துக் குடித்து, ஊருக்கு வந்ததும் சேமிப்பைப் போட்டு இந்தக் கடையைத் திறந்திருக்கிறார். பீர் சிங்கப்பூரில் ஒரு சின்ன ஆலையில் காய்ச்சி, குளிர்லாரியில் வருகிறது. நான் யார்க்‌ஷயரில் இருந்தவள் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, உங்களை மாதிரி ஆளுக்குத்தான் காத்துட்டிருந்தேன். இங்க உள்ளவங்களுக்கு இது புரியமாட்டேங்குது. சூடா இருக்கு, புளிக்குதுன்னு சொல்றாங்க. நீங்க குடிச்சுச் சொல்லுங்க.”

மூன்று தடவை இழுத்து, நிறைத்து, துடைத்து என் முன்னால் வைத்தார். ஒரு பைண்ட், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், 32 வெள்ளி. நான் கிளாஸைத் தூக்கினேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததுமே தெரிந்துவிட்டது, வினிகர். ஒரு வாய் குடித்தேன். கசப்பு எங்கேயோ அடியில் இருந்தது, மேலே முழுக்கப் புளிப்பு. தினேஷ் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கு தம்பி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் முழுசாக விளங்கவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்பது பாதி. இவ்வளவு காலம் மனசில் வைத்திருந்தது இப்படி முடிகிறதே என்று ஒத்துக்கொள்ள முடியாதது மீதி. கிளாஸில் பாதியை விட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று எழுந்தேன். தினேஷ் அடுத்த மேசைக்காரரிடம் “அக்கா யார்க்‌ஷயர்ல இருந்தவங்க, நல்லாருக்குன்னாங்க” என்று சொல்வது வாசல் வரைக்கும் கேட்டது.

ஃபெர்ரியில் பாதிக் கடல் தாண்டியதும் அண்ணி ஆரம்பித்தார்.

“கெட்டுப்போச்சுதானே அது? உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது.”

“ஆமாண்ணி.”

“போன தீபாவளிக்கு என் சாம்பார்ல உப்பில்லைன்னு பதினெட்டுப் பேர் முன்னால சொன்னே. அந்தத் தம்பிகிட்ட சொல்ல மட்டும் ஏன் வாய் வரல?”

நாற்பது வருஷம் நோயாளிகளிடம் உண்மையைச் சொல்லிப் பிழைத்தவள் நான். டாக்டர் கணக்குத் தப்பாக மருந்து எழுதினால் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

வியாழன் காலை அர்ச்சனை முடிந்தது. மதியம் மூன்று மணிக்கு, கடை திறக்கும் நேரத்தில், மறுபடி போய் நின்றோம். தினேஷ் நாற்காலிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நேத்து நான் பொய் சொன்னேன். அந்தப் பீர் கெட்டுப்போச்சு.”

அவர் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கவில்லை. “மூணு வாரமா ஊத்திட்டிருக்கேன் அக்கா. வெள்ளைக்காரங்களும் குடிச்சாங்க. அவங்க யாருமே ஒண்ணும் சொல்லல.”

“சொல்லமாட்டாங்க. அடுத்த தடவை வரமாட்டாங்க, அவ்வளவுதான். பீப்பாயைத் திறந்தா மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு. நீங்க ஒரே பீப்பாயை மூணு வாரம் வச்சிருக்கீங்க.”

“விக்கலன்னா நான் என்ன செய்றது? கீழ ஊத்தவா?” அவர் குரல் உயர்ந்தது. “நேத்தே சொல்லியிருக்கலாமே. நேத்துலருந்து எத்தனை பேர்கிட்ட உங்க பேரைச் சொன்னேன் தெரியுமா?”

அது எனக்கு வேண்டியதுதான். தலையைக் குனிந்துகொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். போய்விடலாமா என்று அண்ணியைப் பார்த்தேன். அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருப்பதாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் பம்பு இழுக்கும் சத்தம் கேட்டது. தினேஷ் ஒரு கிளாஸ் நிறைத்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மீதியைத் தொட்டியில் ஊற்றினார். “லிவர்பூல்ல இப்படியா இருந்துச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “செவ்வாய்க்கிழமை இன்னொன்னு வந்துச்சு அக்கா. சின்னது, இருபது லிட்டர். குளிர்ரூம்ல கிடக்கு. அதையாவது காப்பாத்த முடியுமா?”

குளிர்ரூம் மூன்று டிகிரியில் இருந்தது. அந்தக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். ஒயினுக்காக வைத்திருந்த சின்ன அறை பதின்மூன்று டிகிரி, அதுதான் சரி. இரண்டு பேருமாகப் பீப்பாயை உருட்டி அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, அசையாமல் இருக்க மரத்துண்டு செருகினோம். மேலே உள்ள துளையில், உள்ளே அடைத்த காற்று வெளியேற, மூங்கில் முளையை அடித்ததும் புஸ்ஸென்று நுரை கிளம்பி என் சட்டையெல்லாம் நனைந்தது. “உயிரோட இருக்கு!” என்று நான் கத்தினேன், அண்ணி என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். பிறகு பம்பின் குழாயைக் கழற்றிப் பார்த்தால், ஜன்னல் வெயில் விழுகிற பக்கமாக ஓடுகிறது. குழாய் கழுவுகிற மருந்து ஊற்றி ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று தடவை கழுவினோம். தினேஷ் குழாயை வெயில் படாத பக்கமாக மாற்றிப் போட்டார். இன்ஜினியர் கை, சொன்ன உடனே பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை என் திரும்புகிற டிக்கெட். அதை ஞாயிறுக்கு மாற்றினேன். ஈஸ்ட் அடியில் படிந்து தெளியட்டும் என்று வெள்ளி முழுக்கப் பீப்பாயைத் தொடவிடவில்லை. தினேஷ் நாலு தடவை போன் செய்து “திறந்து பார்க்கட்டுமா” என்று கேட்டார், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி. நானும் அண்ணியும் அன்றைக்குச் சுங்கை பாக்காப்பில் அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டோம்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. கடையில் எங்களைத் தவிர நாலு பேர். தினேஷ் முதல் கிளாஸை இழுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிளாஸுக்குப் பின்னால் அவர் விரல் தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் தர வந்தவரிடம், “முதல்ல நீங்க” என்றேன். அவர் குடித்தார். கிளாஸை மேசையில் வைத்தார், உடனே மறுபடி எடுத்துக் குடித்தார்.

பிறகு எனக்கு ஒன்று. முதலில் வறுத்த தானியத்தின் லேசான இனிப்பு, அதற்குப் பிறகு நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஏறுகிற கசப்பு, விழுங்கியதும் வாய் காய்ந்து அடுத்த வாய் கேட்கும். யார்க்‌ஷயரில் குடித்ததேதான் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் வேறு, காற்று வேறு, நானும் வேறு. ஆனால் நல்ல பிட்டர். நான் அழவில்லை. பத்தொன்பது வயசில் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த சிஸ்டருக்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

“கொடு, என்னதான் இருக்குன்னு பாப்போம்” என்று அண்ணி என் கிளாஸை இழுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. பிறகு விரிந்தது. “பாகற்காய் வறுவல் மாதிரி லா. மோசமில்ல.” இன்னொரு மிடறு. நான் கிளாஸைத் திரும்ப வாங்குவதற்குள் மூன்று மிடறு ஆகிவிட்டது.

ஆனால் இருபது லிட்டர் என்றால் முப்பத்தைந்து பைண்ட், மூன்று நாளில் தீரவேண்டும். அன்றைக்குக் கடை மூடும்போது பதினொன்றுதான் போயிருந்தது. தினேஷ் வாசலில் ஒரு பலகை வைத்தார்: “கைப்பம்பு பிட்டர், திங்கள் வரை மட்டும். மிஞ்சினால் கொட்டிவிடுவேன்.” கொட்டிவிடுவேன் என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ரயில் நேரமும் கட்டணமும் மாறும், பார்த்துவிட்டு எடுங்கள். கடை மூன்று மணிக்குத் திறக்கும், இருபத்தொரு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். பீப்பாய் திறந்து எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மேகம் மாதிரிக் கலங்கியிருந்தாலோ, மூக்கில் புளிப்பு அடித்தாலோ, ஊற்றித் தந்தவரிடமே மரியாதையாகச் சொல்லுங்கள். நான் செய்ததைப் போல அரைக் கிளாஸ் வைத்துவிட்டு ஓடாதீர்கள். சாப்பிடப் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவேண்டாம், வேர்க்கடலை மட்டும்தான். வெளியே தாப்பாவ், அதாவது பார்சல், வாங்கி வந்தால் தட்டு கொடுப்பார்.

ஞாயிறு மதிய ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினேன். திங்கள் மாலை ஏழு மணிக்கு இரவுச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. தினேஷ் ஒரு படம் அனுப்பியிருந்தார். பீப்பாயைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தி, அதன் மேல் சாய்ந்து நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கீழே ஒரு வரி:

“கோசோங் லா அக்கா! சொட்டுகூட மிச்சமில்ல! கடைசிக் கிளாஸ் உங்க அண்ணிக்கு.”