பிசின் படாத இடம்

பஞ்சு அக்காவுக்குக் கையுறை என்றாலே ஆகாது. "கைக்குச் சட்டை மாட்டிக்கிட்டு பெயிண்டைத் தொட்டா அது நம்மகிட்ட எப்படிப் பேசும்?" என்பாள். கார் கழுவும் அந்தக் கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து அவள் கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. பெயரும் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

மரப்பிசின் படிந்த கார் எதுவானாலும் அவளிடம்தான் வரும். வெயிலில் வெந்து கண்ணாடியாக இறுகிய பிசினை மற்றவர்கள் நகத்தால் சுரண்டுவார்கள். கூடவே பெயிண்டும் வரும். அவள் சுரண்டமாட்டாள். காரை நிழலில் விட்டு, தகடு ஆறியதும் நுரை போட்டுக் கழுவுவாள். பிறகு ஒவ்வொரு சொட்டின் மேலும் நனைந்த பஞ்சை வைத்து, நெற்றிக்குப் பற்றுப் போட்டதுபோலக் காத்திருப்பாள். இளகியதும் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவாள். கையுறை ஆகாதவள், கடைசிச் சோதனைக்கு மட்டும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். பை வழியாகத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத பிசுக்குகூட மணலாக உறுத்தும். கண் பொய் சொன்னாலும் விரல் சொல்லாது என்பது அவள் கட்சி.

அந்த விரல்கள்தான் கொஞ்ச காலமாக அவளுக்குத் துரோகம் செய்தன. ஸ்பிரிட்டிலேயே ஊறி நுனிகள் மரத்துவிட்டன. வீட்டில் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால், தோல் கன்றிய பிறகுதான் சூடு தெரிந்தது. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. ஆனால் ஒரு நாள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. தடவிப் பார்த்தும் ஒரு சொட்டு தப்பிவிட, அதன் மேலேயே பாலிஷ் மெஷினை ஓட்டிவிட்டாள். கறுப்பு பானெட் முழுக்க வட்டவட்டமாகக் கீறல்.

கொட்டகைக்காரன் அவளுக்குத் தம்பி வயது. சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உள்ள சீட்டு தொடைக்கத்தான் விடுவேன்க்கா. கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்க நான் யாரு மொதலாளி?"

கிண்டலுக்கு மட்டும்தான் அவனை அப்படிக் கூப்பிடுவாள். அன்றைக்கு அதில் கிண்டல் இல்லை.

அதற்கு அடுத்து வந்ததுதான் அந்த நீலக் கார். இழுவை வண்டி கொண்டுவந்து இறக்கியது. ஒரு கோடை முழுக்க மரத்தடியில் நின்றிருந்தது; மேலெல்லாம் அம்மை போட்டதுபோலப் பிசின். ஓட்டுநர் பக்கம், கூரை விளிம்பில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. முழங்கையை மடித்து, விரல்களை விரித்து யாரோ கையைச் சாய்த்து வைத்த வடிவத்தில் அந்த இடம் பளபளவென்று இருந்தது. பஞ்சு அக்காவின் கையைவிட ஒரு சாண் நீளமான கை.

"இங்க துணி ஏதாச்சும் கெடந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

"யாரும் பக்கத்துலயே போகலம்மா," என்றார் காரின் சொந்தக்காரர். அந்த இடத்தைப் பார்க்காமலே பேசினார். "என் வீட்டுக்காரி அங்கதான் நிப்பா. நான் கெளம்பி வர்ற வரைக்கும் கையை மேல போட்டுக்கிட்டு. அவ தவறினதுக்கப்புறந்தான் மரம் இப்படிக் கொட்ட ஆரம்பிச்சுது. அந்த எடம் தெரியக் கூடாது. அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

"ஒட்டுன பிசினை எடுப்போம் சார்," என்று சிரிக்கப் பார்த்தான் கொட்டகைக்காரன். "ஒட்டாததை எப்படி எடுக்கறது?"

அவர் சிரிக்கவில்லை.

"மொத்தமா பாலிஷ் போட்டா ஒண்ணா சேந்துடும் சார், நான் பாத்துக்கறேன்," என்றாள் பஞ்சு அக்கா. சொல்லிவிட்டு, மரத்த விரல்நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

கழுவினாள், பஞ்சு வைத்தாள், துடைத்தாள். பையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கூரையில் விரல் போன இடமெல்லாம் ஒரே வெறுமை. சுத்தமாகத்தான் இருக்கிறதா, விரல்தான் செத்துவிட்டதா? எட்டித் தடவுவதற்காக இடது கையை விளிம்பில் ஊன்றினாள். அது அந்த வடிவத்துக்குள் விழுந்தது.

தண்ணீர் ஊற்றிக் குளிர்ந்திருந்த தகட்டில் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியின் சூடு. வலது கை விரல்நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. அவள் நகர்த்தாமலே கை நகர்ந்தது. மணிக்கட்டைப் பிடித்து நடத்தும் பொறுமையோடு பின்னுக்குப் போய் நின்றது. கண்ணைத் திறந்தாள். அங்கே நிறமே இல்லாத ஒரு பிசின் சொட்டு.

கையை உதறிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். சீட்டுத் துடைப்பதை நினைத்தாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கை இன்னொரு சொட்டுக்குப் போனது, பிறகு இன்னொன்றுக்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

மிச்சம் இருந்தது பாலிஷ்தான். மெஷினை எடுத்து அந்த வடிவத்தின் முன் நெடுநேரம் நின்றாள். "தப்பா நெனச்சுக்காதம்மா," என்று முணுமுணுத்துவிட்டு ஓட்டினாள். ஓய்ந்ததும் தொட்டுப் பார்த்தாள். எல்லா இடத்தையும்போல அதுவும் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு விரல்நுனியில் துல்லியமாகத் தெரிந்தது.

காரின் சொந்தக்காரர் வந்து கூரையை ஒரு முறைக்கு இரு முறை தடவினார். "எங்க இருந்துச்சுன்னே தெரியல," என்றார். எதையோ தொலைத்தவர் குரல் அது. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு பஞ்சு அக்காவின் விரல்கள் தப்பே செய்யவில்லை. வீட்டில் இருட்டிலும் உப்பையும் சர்க்கரையையும் தொட்டே பிரித்தாள். கொட்டகைக்காரன் சிக்கலான வண்டிகளையெல்லாம் மறுபடி அவளிடமே தள்ளினான். சீட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஒரு மாலை கழுவிவிட்ட வெள்ளைக் காரின் பக்கத்தில் அவள் நிற்பதைக் கொட்டகைக்காரன் பார்த்தான். கூரையில் கையை மடித்துப் போட்டு, அதன் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தாள். அப்படி நிற்கிற ஆளே இல்லை அவள்.

"என்னக்கா, யாருக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

"இதோ, சட்டை மாத்திட்டு வந்துடுவாரு," என்றாள், திரும்பாமலே.

"யாரு?"

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். அவள் கணவர் அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில் வேலையில் இருந்தார். ஈரக் கூரையில் கை கிடந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது. அவள் தன் கையை அதன் மேல் மறுபடி வைத்துப் பார்த்தாள். உலர்ந்த வடிவத்தில் ஒரு சாண் மிச்சம் இருந்தது.