மைக்கில் நான் விழுங்கிய வசனம்

நகர மையத்துக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று நகரசபையில் கூட்டம் வைத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி; அதைப் பேசப் பேரும் கொடுத்திருந்தேன். தினமும் காலையில் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, ஒரு காருக்கு ஒரு ஆள் என்று வழியை அடைத்துப் போகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தவன் நான்.

கீழ்வீட்டு அக்கா அதற்கு எதிர். காலையில் மையத்தில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்துவிட்டு, மத்தியானம் நகரின் மறுகோடியில், சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள தொழிற்சாலைக்கு ஓட வேண்டும். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கட்டணம் வந்தால் காரை விட வேண்டும், இரண்டில் ஒரு வேலை போய்விடும். அவருக்குப் பிரெஞ்சு விளங்கும், கதைக்க வராது.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவியளோ?"

"ஓம் அக்கா" என்றேன். என் வாய்க்கொழுப்பு! கூட்டத்துக்குப் போனதே அவருடைய பழைய காரில்தான்.

மைக்குக்கு முன்னால் அவர் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். கடைசியில் சொன்னார்: "காசுக்காரன் கட்டணத்தைக் கட்டிப்போட்டுக் காரிலையே போவான். ரோட்டும் அவனுக்குக் காலியாக் கிடைக்கும். காரை விட்டு இறங்கப் போறது நான்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. இதைச் சொன்னால் அடுத்து நான் பேசப்போவது எடுபடாது. "அவ்வளவுதான், நன்றி" என்று பிரெஞ்சில் முடித்துவிட்டேன். பிறகு என் முறை வந்தது. நன்றாகவே பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது, வெட்கங்கெட்டவனுக்கு!

வெளியே பனி கொட்டியது. அக்காவின் காரிலேயே திரும்பினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் கேட்டார்.

"கடைசியாச் சொன்னதை விட்டிட்டியள், என்ன?"

"நேரம் முடிஞ்சுது அக்கா."

"ஒரு நிமிசம் மிச்சம் கிடந்தது. நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

காதெல்லாம் சுட்டது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. "இதிலை இறக்கிவிடுங்கோ, பஸ்ஸிலை வாறன்" என்றேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. இந்தப் பனியுக்கை எவ்வளவு நேரம் நிப்பியள்?"

வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அதுதான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பஸ் வரவில்லை. தரிப்பிடத்தில் விறைத்துப்போய் நின்றபோது அக்காவின் கார் வந்தது. ஹோர்ன் அடித்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். கார் போய்விட்டது.

அதற்குள்ளும் ஒரு ஆள்தான். அன்று பல்லைக் கடிக்க என்னால் முடியவில்லை.