நெருப்பில்லாத சாதகத்துக்கு ஒரு பெயர்

எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தளத்தில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்குப் பெயர் தெரிவு செய்யப்படுகிறது. உடுப்பு மடிக்கும் மேசையில் அமர்ந்து அதைச் செய்பவர் சென் என்ற சீன முதியவர். ரொறன்ரோவின் இந்த ஸ்காபரோப் பகுதியில் வேறு மூலைகளிலிருந்தும் இளம் பெற்றோர் அவரைத் தேடி வருகிறார்கள். குழந்தை பிறந்த ஆண்டு, மாதம், நாள், வேளை ஆகிய நான்கையும் அவர்கள் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டாக எட்டு எழுத்துகளை நிரைப்படுத்துவார். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தில் எது அங்கே குறைகிறதோ, அதைக் கொண்டுவரும் பெயரே பிள்ளைக்குரியது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு வேறுபாடு உடனே புலப்படும். நம்மிடையே நட்சத்திரம் பெயரின் முதலெழுத்தை விதிக்கிறது. இவர்களிடையே பெயர், பிறப்பில் விடுபட்டதை நிரப்பப் பார்க்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்தவன். எங்கள் ஒரே மகன் ஒரு மார்கழி விடியற்காலையில் பிறந்தபோது, என் மனைவி மனோன்மணியின் தகப்பனார் சாதகக் குறிப்பு எழுதுவித்து வந்தார். அனுஷ நட்சத்திரம், ந, நி, நு, நே. நிமலன் என்று வைப்பதாக அவள் முடிவுசெய்திருந்தாள். சாத்திரியார் தரும் எழுத்துக்கு என் பிள்ளையின் பெயரை ஒப்படைக்க இயலாதென்று வாதிட்டு, நான் கதிரவன் என்று பதிந்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள். கடந்த ஐப்பசியில் மிசிசாகாவில் வேலைத்தலத்திலேயே அவனுடைய இதயம் நின்றது. வயது நாற்பத்தொன்று. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து காரில் திரும்பும்போது, மனோன்மணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "எழுத்துக்குப் பேர் வைச்சிருந்தால்..." என்றாள். அவள் முடிக்கவில்லை, நான் கேட்கவுமில்லை. அன்றிலிருந்து அந்த அரைகுறை வாக்கியத்தோடுதான் நாங்கள் இருவரும் குடியிருந்தோம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சென்னின் மேசையில் எவரும் இல்லை. அதுவரை செய்யத் துணியாத ஒன்றை அன்று செய்தேன். மகன் பிறந்த வேளையைத் துண்டொன்றில் எழுதி அவர்முன் வைத்தேன்.

"பேபி?" என்றார்.

மகன், நாற்பத்தொரு வயது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பெயர் மாற்றிக்கொள்ள வளர்ந்தவர்களும் அவரிடம் வருவதுண்டு. "சேஞ்ச் நேம்? ஜொப் பிரொப்ளம்? கேர்ள் பிரொப்ளம்?" என்று கண் சிமிட்டினார். நான் திருத்தவில்லை. ரொறன்ரோ நேரமா என்று கேட்டார். இலங்கை நேரம் என்றேன். ஒரு தாளில் எழுதினார், விரல் மடித்து எண்ணினார். குளிர்காலப் பிள்ளை, எட்டு எழுத்திலும் நெருப்பே இல்லை என்று எப்படியோ விளங்கவைத்துவிட்டு, பெயரின் பொருளைக் கேட்டார். சூரியன் என்றேன்.

மேசையில் தட்டிச் சிரித்தார். "யூ கிவ்? வெரி குட் நேம்! நோ சேஞ்ச். ரெல் யுவர் சன், நோ சேஞ்ச்!"

அப்போதுதான் அவன் இறந்துவிட்டதைச் சொன்னேன். சென் பேனாவை மூடினார். தாம் அணிந்திருந்த மேற்சட்டையின் விளிம்பைப் பிடித்துக் காட்டினார். "நேம், ஜக்கெற். குட் ஜக்கெற். விண்டர், பிக்." பெயர் நல்ல சட்டைதான், குளிர் அதைவிடப் பெரிதாக இருந்துவிட்டது என்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். பின்னர் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

மேலே வந்தபோது மனோன்மணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உடுப்புத் தோய்க்க உவ்வளவு நேரமோ?"

"சென்னட்டை எங்கடை பிள்ளையின்ரை பிறந்த நேரத்தைக் காட்டினனான்."

"ஆர், நீங்களோ? சாத்திரம் கேட்ட என்னை விசரி எண்ட வாத்தியாரோ?" ஐந்து மாதங்களில் முதன்முறையாக அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துபோனது. "என்னவாம் அவர்?"

"பேர் சரியாம், மனோ. அவனுக்கு அதுதான் பொருத்தமாம்."

அவள் கை நின்றது. "பிறகேன்?" என்றாள். "பிறகேன் போனவன்?"

விடுதலைப் பத்திரத்தோடு வந்ததாகத்தான் எலிவேற்றரில் நான் எண்ணியிருந்தேன். அவள் மனத்தில் இருந்தது என்மீதான குற்றச்சாட்டு மட்டுமன்று, அது அவளுக்கு ஒரு காரணமுமாக இருந்தது என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கிற்று. பெயரில் பிழையென்றால் அவன் போனதற்கு ஏதோவொரு விளக்கமாவது அவளிடம் எஞ்சியிருந்திருக்கும். அதை நான் பறித்துவிட்டேன்.

"தெரியேல்லை" என்றேன். நாற்பது ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தவன் நான். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அருகில் அமர்ந்து, தாளை வாங்கி விரித்தாள்.

"இதிலை அவன்ரை பேரைக் காணேல்லையே."

"அவருக்கு எங்கடை எழுத்துத் தெரியாதெல்லோ."

"அப்ப நீங்கள் எழுதுங்கோ."

எழுதினேன். எங்களால் வாசிக்க முடியாத எட்டு எழுத்துகளின் கீழே, சென்னால் வாசிக்க முடியாத எழுத்தில், கதிரவன் என்று. மை காயும்வரை அதை மடிக்க அவள் விடவில்லை.